பெட்டியில் 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்' என்று இருந்தால் 'யெஸ்' அழுத்தலாமா? அட்மின் அனுமதிக் கேள்விகளைக் கையாளும் வழி

திரை மங்குகிறது. நடுவில் ஒரு பெட்டி வந்து, இந்த ஆப் உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேட்கிறது. பெயர் 'விண்டோஸ் கமாண்ட் பிராசசர்'. அதன் கீழே 'வெரிஃபைடு பப்ளிஷர்: மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்'. மைக்ரோசாஃப்டே கேட்கிறது, இதில் என்ன யோசனை என்று பலரும் 'யெஸ்' அழுத்திவிடுகிறார்கள். வெளியீட்டாளர் தெரியாதபோது வரும் மஞ்சள் பெட்டியைக் கண்டால் தயங்குகிறவர்கள்கூட, கையொப்பம் உள்ளதற்கு வரும் நீலப் பெட்டியைக் கண்டால் தயங்குவதில்லை. விண்டோஸின் சொந்தப் பாகங்கள் பெயரில் வரும் கேள்விகளைத்தான் நான் அதிகம் யோசிக்கச் சொல்வேன். ஏன் என்பதையும், எப்படி என்பதையும் பார்ப்போம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும். மெனுப் பெயர்கள் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு லேசாக மாறும்.

இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் எல்லோருமே அட்மின், அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமை உள்ளவர்தான். விளையாட்டு, மின்னஞ்சலில் வந்த கோப்பு, யாரோ பென் டிரைவில் கொடுத்தது எல்லாம் முழு அதிகாரத்தோடு ஓடின. வைரஸுக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்? 2007இல் கடைக்கு வந்த விஸ்டாதான் யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல், அதாவது யூஏசி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அது எதற்கெடுத்தாலும் கேட்டது. ஆப்பிள் தன் விளம்பரத்திலேயே அதைக் கிண்டலடிக்கும் அளவுக்குக் கேட்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்தது. எப்படிக் குறைத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நீங்கள் அட்மின் கணக்கில் நுழைந்தாலும், விண்டோஸ் உங்களுக்கு இரண்டு டோக்கன்கள், அதாவது அனுமதிச் சீட்டுகள், தயாரிக்கிறது. ஒன்று சாதாரணப் பயனருக்கானது, இன்னொன்று முழு அதிகாரம் கொண்டது. டெஸ்க்டாப், பிரவுசர், வேர்டு எல்லாம் முதல் டோக்கனில்தான் ஓடுகின்றன. ஏதாவது ஒன்றுக்கு இரண்டாவது டோக்கன் தேவைப்படும்போது பெட்டி வருகிறது. அட்மினுக்கு 'யெஸ்', 'நோ' மட்டும். சாதாரணக் கணக்கில் இருப்பவருக்கு, ஓர் அட்மினின் பாஸ்வேர்டோ பின்னோ கேட்கும்.

திரை மங்குவது அழகுக்காக இல்லை. பெட்டி தனியான ஒரு பாதுகாப்பு டெஸ்க்டாப்பில் காட்டப்படுகிறது. பின்னால் ஓடும் சாதாரண நிரல்கள் அங்கே வந்து உங்கள் சார்பில் 'யெஸ்' அழுத்த முடியாது. பிரிண்ட் ஸ்கிரீன் அங்கே வேலை செய்யாததும் இதனால்தான். யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டுமென்றால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் கேட்காமல் போகிறார்கள், யார் கேட்கிறார்கள்

விண்டோஸ் 7 முதல், இயல்பான அமைப்பில், அட்மின் கணக்கில் இருந்தால், விண்டோஸின் சொந்தப் பாகங்கள் பல கேட்காமலே முழு அதிகாரம் பெற்றுவிடுகின்றன. டாஸ்க் மேனேஜர், கடிகார அமைப்பு, கண்ட்ரோல் பேனலின் பல பக்கங்கள் எல்லாம் அப்படித்தான்.

அப்படியானால், விண்டோஸின் பாகமாக இருந்தும் இன்னும் கேட்பவை யார்? கமாண்ட் பிராசசர், பவர்ஷெல், ரெஜிஸ்ட்ரி எடிட்டர், 'விண்டோஸ் ஹோஸ்ட் பிராசஸ்' என்ற பெயரில் வரும் ரன்டிஎல்எல்32, ஸ்கிரிப்ட் ஹோஸ்ட். இவை பெரும்பாலும் அடுத்தவர் எழுதிக்கொடுத்த கட்டளையை வாங்கி ஓட்டும் கருவிகள். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட்ச் ஃபைலை ஓட்டுவது கமாண்ட் பிராசசர். ரெஜ் கோப்பில் எழுதியிருப்பதை, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் சேர்ப்பது ரெஜிஸ்ட்ரி எடிட்டர். கருவி மைக்ரோசாஃப்டுடையது என்று பெட்டி சான்று தருகிறது. உள்ளே என்ன கட்டளை போகிறது என்பதற்கு அது சான்று தரவே இல்லை. கடப்பாரையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது என்பதற்காக, அதைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் வருகிறவனை வீட்டுக்குள் விடுவோமா?

பெட்டியைப் படிக்கும் முறை

முதலில் கையை மவுஸிலிருந்து எடுங்கள். அவசரமே இல்லை. கொஞ்ச நேரம் பதில் சொல்லாமல் விட்டால் விண்டோஸ் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளும். அப்புறம் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசிப் பத்து விநாடியில் நான் என்ன செய்தேன்? பிரிண்டர் டிரைவரை டபுள் கிளிக் செய்தீர்கள், பெட்டி வந்தது என்றால் காரணம் தெரிகிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது பவர்ஷெல் அனுமதி கேட்டால், காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத பெட்டிக்கு 'நோ'. இதற்கு மேல் எதுவுமே படிக்காதவர்களுக்கு இந்த ஒரு பழக்கமே முக்கால்வாசிப் பாதுகாப்பு.

அடுத்தது நிறமும் வெளியீட்டாளரும். நீலம் என்றால் கோப்பில் சரிபார்க்கத்தக்க டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. மஞ்சள் என்றால் வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை. உள்ளூரில் ஒருவர் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருளுக்கு மஞ்சள் வருவது சகஜம்; கையொப்பச் சான்றிதழ் வாங்கப் பணம் செலவாகும் என்பதால் சிறு நிறுவனங்கள் பல அதை வாங்குவதில்லை. சிவப்பு என்றால் விண்டோஸே தடுத்துவிட்டது, அதைத் தாண்ட வழி தேடாதீர்கள். எழுத்தில் இருப்பதையும் பாருங்கள். 'அடோபி' என்று சொல்லிக்கொண்டு இறங்கிய கோப்புக்கு வெளியீட்டாளர் இடத்தில் கேள்விப்படாத ஒரு கம்பெனி இருந்தால், நீலமாக இருந்தாலும் வேண்டாம்.

'ஃபைல் ஆரிஜின்' என்ற வரி கோப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லும்: இந்தக் கணினியின் ஹார்டு டிரைவிலிருந்தா, இணையத்திலிருந்து இறக்கியதா என்று. விண்டோஸின் பாகம் என்றால் அது ஹார்டு டிரைவில்தான் இருக்க வேண்டும்.

இனி முக்கியமான இடம். 'ஷோ மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். 'புரோகிராம் லொகேஷன்' வரியில் கோப்பின் முழு முகவரி வரும்; அதோடு அந்தக் கருவிக்குக் கொடுக்கப்பட்ட கட்டளையும் வரும். கமாண்ட் பிராசசர் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்ற இடத்தில் இருக்கும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் வடிவங்கள் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும், அதுவும் சரியானதே. முகவரியைத் தாண்டிப் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். நீங்கள் ஓட்டிய பேட்ச் ஃபைலின் பெயர் அங்கே இருந்தால் நல்லது. டெம்ப் ஃபோல்டரிலோ ஆப்டேட்டாவிலோ உள்ள புரியாத பெயர் கொண்ட ஒரு கோப்பு, இணைய முகவரி ஒன்று, அர்த்தமில்லாத நீண்ட எழுத்துச் சரம், இதில் எது இருந்தாலும் 'நோ'. பவர்ஷெல்லில் அந்த மாதிரிச் சரம் பெரும்பாலும் கட்டளையை மறைத்து எழுதும் வித்தை.

'நோ' அழுத்தினால் கணினிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆகாது. அந்த ஒரு வேலை நடக்காது, அவ்வளவுதான். உண்மையிலேயே தேவை என்றால் திரும்ப ஓட்டினால் திரும்பக் கேட்கும்.

அடிக்கடி பார்க்கும் சில பெட்டிகள்

ரெஜிஸ்ட்ரி எடிட்டர்: நீங்களாகத் திறந்தால் கேட்கும், அது சரி. 'வேகத்தைக் கூட்ட' என்று யாரோ கொடுத்த ரெஜ் கோப்பை டபுள் கிளிக் செய்தாலும் இதே பெட்டிதான் வரும். அந்தக் கோப்பை முதலில் ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள். அது வெறும் எழுத்துக் கோப்புதான். படித்துப் புரியவில்லை என்றால் ஓட்ட வேண்டாம்.

பவர்ஷெல்: 2024 முதல் பரவியிருக்கும் ஒரு மோசடியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏதோ ஒரு தளத்தில், நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று சொல்லும். தளம் ஏற்கெனவே உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளையை வைத்திருக்கும். அதை உங்கள் கையாலேயே ஓட்டவைப்பதுதான் திட்டம். இப்படிப்பட்ட கட்டளைகளில் சிலவற்றுக்கு யூஏசி பெட்டி வரும், சிலவற்றுக்கு வரவே வராது. சாதாரண உரிமையிலேயே பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட முடியும். ஆகவே பெட்டி வரவில்லை என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தளமும் மனிதனா என்று சோதிக்க ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

விண்டோஸ் அப்டேட்: உண்மையான விண்டோஸ் அப்டேட் பின்னணியில் ஒரு சர்வீஸாக ஓடுகிறது. அதற்கு உங்கள் 'யெஸ்' தேவையில்லை. பிரவுசரில் தோன்றி, 'அப்டேட்' என்ற பெயரில் ஒரு கோப்பை இறக்கவைத்து அனுமதி கேட்டால் அது போலி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தனக்கு என்ன உரிமை வேண்டும் என்று சொல்லாத பழைய 32 பிட் நிரல்களில், கோப்பின் பெயரில் செட்டப், இன்ஸ்டால், அப்டேட் போன்ற சொல் இருந்தாலே விண்டோஸ் அதை நிறுவல் நிரல் என்று ஊகித்து அட்மின் அனுமதி கேட்கும். பழைய சின்ன நிரல் ஒன்று காரணமில்லாமல் கேட்கிறதே என்று குழம்பினால் அதன் பெயரைப் பாருங்கள்.

மோசடிக்காரர்கள் போனில் அழைத்து 'உங்கள் கணினியில் பிரச்சினை' என்று சொல்லி, தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். அது முழு அதிகாரத்தோடு ஓடவில்லை என்றால் யூஏசி பெட்டி வரும்போது எதிராளியால் அதை அழுத்த முடியாது. அதனால்தான் 'அந்த யெஸ்ஸை மட்டும் அழுத்துங்க சார்' என்று கெஞ்சுவார்கள், அல்லது யூஏசியையே கீழே இறக்கச் சொல்வார்கள். இதில் எது கேட்டாலும் இணைப்பைத் துண்டியுங்கள்.

'நோ' அழுத்தியும் விடாமல் வந்தால்

கமாண்ட் பிராசசரோ ரன்டிஎல்எல்32ஓ 'நோ' அழுத்த அழுத்த மறுபடி மறுபடி கேட்டால், அது ஒழுங்கான நிரலின் நடத்தை இல்லை. சலித்துப்போய் நீங்கள் 'யெஸ்' அழுத்துவீர்கள் என்று காத்திருக்கும் தீம்பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வைஃபையை அணைக்க முடிந்தால் அணையுங்கள். பெட்டி வேறெதையும் செய்ய விடவில்லை என்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை நிறுத்துங்கள்.

திரும்பப் போட்டதும் லாகின் திரையிலேயே, ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்' என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, 4 அழுத்தினால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை. பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி, போட்ட கணினி என்றால் இடையில் ரெக்கவரி கீ கேட்கலாம், முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் தெரியாத பெயர்களை 'டிசேபிள்' செய்யுங்கள். பிறகு சாதாரணமாகத் திறந்து, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரின் லைப்ரரியிலும் ஒரு கண் ஓட்டுங்கள். நேரம் குறித்து வரும் பெட்டிகளின் வேர் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்', அங்கே ஆஃப்லைன் ஸ்கேன். இது கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும் முன்னே தேடும். ஏறக்குறைய 15 நிமிடம் பிடிக்கும். ஏற்கெனவே ஒரு முறை 'யெஸ்' அழுத்தியாகிவிட்டது என்றால் ஸ்கேன் போதாது. வேறு சாதனத்திலிருந்து வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டு, கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நிம்மதி.

அமைப்பை எங்கே வைப்பது

ஸ்டார்ட்டில் 'யூஏசி' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் அமைப்புப் பக்கம் வரும். நான்கு படிகள் உள்ள ஒரு நகர்த்துக் கோடு. மேல்படி எல்லாவற்றுக்கும் கேட்கும், விண்டோஸ் அமைப்பை நீங்களே மாற்றினாலும். இரண்டாவதுதான் இயல்பான நிலை. மூன்றாவது அதே கேள்விகளைத் திரையை மங்கவைக்காமல் கேட்கும், அதாவது பாதுகாப்பு டெஸ்க்டாப் போய்விடும். கடைசிப் படியில் அட்மினிடம் கேட்கவே கேட்காது.

இரண்டாவதில் விட்டுவிடுங்கள். மூன்றாவதில் லாபம் ஒன்றுமில்லை. நான்காவதைச் சில கணினிக் கடைகளில் பில்லிங் மென்பொருள் போடும்போது தொல்லை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். சர்வீஸுக்குக் கொடுத்த கணினி திரும்பி வந்ததும் இந்தப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் யூஏசியை முழுதாக அணைக்கும் வித்தையும் இணையத்தில் உண்டு. அதைச் செய்தால் ஸ்டோர் ஆப்கள் மக்கர் செய்யும், பாதுகாப்பும் எக்ஸ்பி காலத்துக்குப் போய்விடும்.

அட்மினாக இருந்துகொண்டு 'யெஸ்' அழுத்துவதை மைக்ரோசாஃப்டே உறுதியான பாதுகாப்பு எல்லை என்று கருதுவதில்லை. யூஏசியைச் சத்தமில்லாமல் தாண்டும் வழிகள் அவ்வப்போது வெளிவந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பல, நான் மேலே சொன்ன கேட்காமலே அதிகாரம் பெறும் பாகங்களைப் பயன்படுத்திக்கொள்பவை. இதற்கு நல்ல மருந்து, அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு. வரிசை மாறாமல் செய்யுங்கள்:

1. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்' போய் 'ஆட் அக்கவுண்ட்' கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டாம் என்றால், இவரது விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பையும், அடுத்துவரும் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் இணைப்பையும் அழுத்துங்கள்.
2. பெயரும் நல்ல பாஸ்வேர்டும் கொடுத்து, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்'பில் அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.
3. சைன் அவுட் செய்து, அந்தப் புதுக் கணக்கில் ஒரு முறை நுழைந்து பாருங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள்.
4. புதுக் கணக்கில் இருந்தபடியே உங்கள் பழைய கணக்கை 'ஸ்டாண்டர்டு யூசர்' ஆக்குங்கள். பிறகு பழைய கணக்குக்குத் திரும்பலாம். கோப்புகள், அமைப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும்.

இனிப் பெட்டி வந்தால் பாஸ்வேர்டு கேட்கும். பிள்ளைகளோ பெற்றோரோ பயன்படுத்தும் கணினிக்கு இது மிகவும் ஏற்றது. உள்ளே ஒளிந்திருக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற பிறவிக் கணக்கை மட்டும் எழுப்பிவிடாதீர்கள். இயல்பான அமைப்பில் அது எதற்கும் கேட்காமலே ஓடும்.

நம்பிக்கையான நிரல், ஆனால் தினமும் கேட்கிறது

முதலில், அதற்கு அட்மின் உரிமை உண்மையில் வேண்டுமா என்று பாருங்கள். ஐகானை ரைட் கிளிக் செய்து 'பிராபர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' போனால், 'ரன் திஸ் புரோகிராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதில் யாராவது டிக் போட்டுவைத்திருக்கலாம். அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பழைய கணக்குப்பதிவு மென்பொருள்கள் பல, தங்கள் தரவைப் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்ப்பதால்தான் தகராறு. தரவு ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்ற மென்பொருளில் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

நிஜமாகவே அட்மின் உரிமை தேவைப்பட்டு, கணினி திறந்தவுடன் ஓட வேண்டிய நிரல் என்றால் டாஸ்க் ஷெட்யூலர் உதவும். அட்மின் கணக்கில் 'கிரியேட் டாஸ்க்' கொடுத்து, 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்து, 'ட்ரிக்கர்'இல் 'அட் லாக் ஆன்', 'ஆக்‌ஷன்'இல் நிரலைக் காட்டுங்கள். மடிக்கணினி என்றால் 'கண்டிஷன்ஸ்'இல் மின் இணைப்பு இருந்தால்தான் ஓடும் என்ற டிக்கை எடுங்கள். அந்த நிரலின் கோப்பு புரோகிராம் ஃபைல்ஸ் போல, அட்மின் மட்டுமே மாற்றக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருப்பதை இப்படி ஓட்டினால், அந்தக் கோப்பை மாற்றி வைக்கும் எந்தத் தீம்பொருளுக்கும் கேள்வியில்லாத அட்மின் உரிமை கிடைத்துவிடும்.

குழப்பும் சில பக்கவிளைவுகள்

அட்மினாக ஓட்டிய நிரலில் உங்கள் நெட்வொர்க் டிரைவ் தெரியாமல் போகலாம். டிரைவ் இணைக்கப்பட்டது சாதாரண டோக்கனில், நிரல் ஓடுவது மற்றொன்றில். எக்ஸ்ப்ளோரரிலிருந்து கோப்பை இழுத்து அட்மின் ஜன்னலில் போட்டாலும் விழாது. கீழ் உரிமையில் இருப்பது மேல் உரிமையில் இருப்பதற்குச் செய்தி அனுப்ப முடியாதபடி தடுப்பு உண்டு. தனியாக நிறுவிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் அட்மின் ஜன்னலுக்குள் மட்டும் ஆங்கிலமாகவே அடிப்பதற்கும் இதே தடுப்பு காரணமாக இருக்கலாம். விண்டோஸோடு வரும் தமிழ் விசைப்பலகைக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கே அதைப் பயன்படுத்துங்கள்.

சில நேரம் பெட்டி திறக்காமல், டாஸ்க் பாரில் கேடய ஐகான் மட்டும் மின்னும். பின்னணியில் இருந்த ஏதோ ஒன்று கேட்கிறது என்று அர்த்தம். நிறுவல் பாதியில் நிற்பதுபோலத் தெரிந்தால் அங்கே பாருங்கள்.

'யெஸ்' பொத்தான் மங்கிக் கிடக்கிறது, பாஸ்வேர்டு அடிக்க இடமும் இல்லை என்றால், கணினியில் செயல்படும் அட்மின் கணக்கே இல்லாமல் போயிருக்கலாம். இருந்த ஒரே அட்மினையும் சாதாரணக் கணக்காக்கிவிட்டால் இப்படி ஆகும். மேலே புதுக் கணக்கு சேர்க்கும் வரிசையில் மூன்றாவது படியைத் தாண்ட வேண்டாம் என்றது இதற்காகத்தான். அலுவலகக் கணினியில் இப்படி இருந்தால் அது பழுது இல்லை. ஐடி பிரிவு வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு, அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.